திறக்காதேன்னு எழுதின பெட்டி

தையல்காரி வீட்ல ரெண்டு மெஷின் இருந்துச்சு. ஒண்ணு அவளுது, தையல் மெஷின். மிதிச்சா துணி வரும், துணி வந்தா அடுப்பு எரியும். இன்னொண்ணு அவ புருஷன் கொண்டுவந்து வச்சது, கம்ப்யூட்டர். அதை மிதிக்கவும் முடியாது, திட்டவும் முடியாது. அது இருக்கிற அறைக்குள்ள செருப்போட போகக்கூடாது, ஈரக் கையோட போகக்கூடாது, வாயில எதையாவது மென்னுக்கிட்டு போகக்கூடாது. பெத்த பிள்ளையைக்கூட அந்த மனுஷன் அப்படிப் பொத்திப் பொத்தி வச்சதில்ல.

மனுஷன் போய்ச் சேந்து கொஞ்ச காலம் ஆச்சு. கம்ப்யூட்டரு அதுக்கும் ரொம்ப முன்னாடியே செத்துப்போச்சு. ஆனா ரெண்டுல வீட்டை விட்டுப் போனது அவருதான். பெட்டி போகல. பூப்போட்ட துணி உறையைப் போட்டுக்கிட்டு கீழ் அறையில மேசை மேல உக்காந்தே இருந்துச்சு.

வெளியூர்ல வேலை பாக்குற மக வந்தப்பதான் பேச்சு வந்துச்சு.

"அம்மா, முழங்கால் இப்படி வீங்கிக் கெடக்கு. இன்னும் மாடி ஏறி ஏறித் தைக்கணுமா? கீழ் அறையை ஒழிச்சு மெஷினை அங்க போடுவோம்."

"அங்க உங்கப்பா பெட்டி இருக்கு."

"அதைத்தான் சொல்றேன். என் ஆபீஸ்ல ஒருத்தர் பழைய கம்ப்யூட்டரா தேடித்தேடி எடுத்துட்டுப் போய் ரிப்பேர் பண்ணி அடுக்கி வச்சிருக்காரு. வீடு பூரா அதுதான். பொண்டாட்டி நடக்கக்கூட இடமில்ல."

"அந்தப் பொண்டாட்டிகிட்ட நான் பேசணும்," னா தையல்காரி. "ஆறுதலா ரெண்டு வார்த்தை சொல்லலாம்."

மக சிரிச்சா. சிரிச்சுட்டு, துணியை மடிக்கிற மாதிரி குனிஞ்சுக்கிட்டு மெதுவா ஆரம்பிச்சா. "அத்தை வர்ற வாரம் கிளம்புறாங்களாம். மகன்கூட, கடல் தாண்டி. இனிமே திரும்பி வர்றதா இல்லையாம். ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்துடேம்மா."

அத்தைன்னா, தையல்காரிக்கு நாத்தனார். புருஷனோட ஒரே தங்கச்சி. இதே ஊர்லதான் இருக்கா, பஸ் ஏறினா ஒரு தூக்கம் போடுறதுக்குள்ள வந்துடும். ஆனா இவ அங்க போறதில்ல, அவ இங்க வர்றதில்ல. மகளுக்கு ரெட்டைப் பின்னல் போட்ட காலத்துலேருந்து இதே கதைதான். அண்ணன் செத்தன்னைக்கு மட்டும் வந்தா. வந்து வாசல்லயே நின்னு அழுதா, முகத்தைத் துடைச்சா, போயிட்டா. உள்ள வான்னு தையல்காரியும் கூப்பிடல.

"பாக்குறேனே. என் காதுத் தோட்டைக் குடுத்து அனுப்பச் சொல்லு, பாக்குறேன்," னா தையல்காரி.

மக மடிச்ச துணியை எடுத்துக்கிட்டு எழுந்துட்டா. அந்தத் தோடுன்னு வந்துட்டா அம்மாகிட்ட பேசறதும் சுவத்துகிட்ட பேசறதும் ஒண்ணுதான்னு அவளுக்குத் தெரியும்.

அந்த நாத்தனாரும் ஒரு காலத்துல இந்த வீட்லதான் இருந்தா. கல்யாணத்துக்கு முன்னாடி. டெலிபோன் ஆபீஸ்ல வேலை கெடைச்சு, அண்ணன் வீட்லயே தங்கிக்கிட்டா. கீழ் அறையில ஒரு மடக்குக் கட்டில். அண்ணியும் நாத்தனாரும் அப்ப அப்படி ஒட்டு. ஒரே சோப்பு, ஒரே சீப்பு, ஒரே வாய். அந்த மனுஷனை ரெண்டு பேரும் சேந்துதான் கேலி பண்ணுவாங்க. அவரும் பாவம், பதில் சொல்லத் தெரியாம மீசையைத் தடவுவாரு.

கம்ப்யூட்டர் வந்த கதையே தனிக் கதை. மனுஷன் பஸ் டிப்போவில கிளார்க்கு. அங்க புது மெஷின் வந்ததும் பழசைத் தூக்கி மூலையில போட்டாங்க. இவரு போய், எனக்குக் குடுங்கன்னு நின்னிருக்காரு. எடுத்துட்டுத் தொலைய்யான்னு குடுத்துட்டாங்க. ஆட்டோவுல வச்சா குலுங்கும்னு பயந்து, டிரைவர் சிநேகிதன் ஒருத்தனைப் பிடிச்சு, ஒரு காலி பஸ்ஸையே தெருவுக்குள்ள கொண்டுவந்துட்டாரு. அந்தத் தெருவுல சைக்கிளே ஒருக்களிச்சுத்தான் போகும். எதிர் வீட்டுக் கொடித் துணியெல்லாம் பஸ் கண்ணாடியில மாட்டிக்கிட்டு வந்துச்சு. அவ்வளவு பெரிய பஸ்ஸுல ஒரு ஆளு, ஒரு பெட்டி. பெட்டி ஜன்னலோரம், மனுஷன் அதைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு பக்கத்துல.

தையல்காரி வாசல்ல நின்னு பாத்துட்டு நாத்தனார்கிட்ட சொன்னா: "உங்கண்ணன் சக்களத்தியைக் கூட்டிட்டு வர்றாரு பாரு. என்னைக் கட்டிக் கூட்டிட்டு வந்தப்ப நின்னுக்கிட்டே வந்தேன்."

ஆனா அவளும் ஒண்ணும் சும்மா இல்ல. ரெண்டே நாள்ல இஞ்சி டேப்பை எடுத்துக்கிட்டுப் போய் அதுக்கு அளவெடுத்தா. டிவி மாதிரி இருக்கே, அந்தத் திரைக்கு ஒரு உறை. அடியில இருக்கிற பெட்டிக்கு ஒரு உறை. எழுத்துப் பலகைக்கு ஒரு உறை. எல்லாம் ஒரே பூத்துணி, ஓரத்துக்குப் பட்டி வச்சு. "தோள் நல்ல அகலம், இடுப்பே இல்ல," னு அளவு சொல்லச் சொல்ல நாத்தனார் எழுதிக்கிட்டே உருண்டு உருண்டு சிரிச்சா. மிச்சத் துணியில அவளுக்கு ஒரு தலையணை உறையும் தைச்சுக் குடுத்தா.

லீவு நாளாச்சுன்னா மனுஷனுக்கு ஒரே வேலை. பின்பக்கத் திருகைக் கழட்டி, மூடியை இழுத்து, உள்ள பாக்குறது. ரிப்பேரெல்லாம் ஒண்ணுமில்ல, சும்மா பாக்குறது. சில பேரு மீன் தொட்டி பாப்பாங்க இல்ல, அப்படி. பொம்பளைங்க ரெண்டு பேரையும் கூப்பிட்டு உக்கார வச்சுக் காட்டுவாரு.

உள்ள ஒரு பச்சைப் பலகை. அது மேல கறுப்புக் கறுப்பா, ரெண்டு பக்கமும் வெள்ளிக் கால் வச்சு, மரவட்டை வரிசை கட்டி நிக்கிற மாதிரி சில்லுங்க. சூட்டுல அது மெதுமெதுவா குழியை விட்டு மேல வந்துடுமாம். அதனால ஒவ்வொண்ணையும் கட்டை விரலால அழுத்துவாரு. டிக்குன்னு ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டா அவரு முகத்துல ஒரு நிம்மதி.

"இதெல்லாம் ஞாபகம்," னு சொல்லுவாரு. "இதுல ஒண்ணு எழும்பி நின்னாலும் பாதி விஷயம் மறந்துடும்."

"உங்க தலையிலயும் ரெண்டு எழும்பி நிக்குது. உப்பு வாங்கிட்டு வரச் சொல்லி ரெண்டு நாளாச்சு," ம்பா தையல்காரி.

சாம்பல் நிறத்துல அகலமா ஒரு பட்டை வயர், ஒரு ஓரத்துல மட்டும் செவப்புக் கோடு. அதை அவளுக்குப் பிடிச்சிருந்துச்சு. துணிக்குக் கரை மாதிரி. எந்தப் பக்கம் மாட்டணும்னு அந்தக் கோடுதான் சொல்லுமாம். நூல்கண்டு மாதிரி சிலது, கோடு கோடா வண்ணம் பூசின பாசிமணி மாதிரி சிலது. அப்புறம் பிளாப்பி போடுற வாய் ரெண்டு. பிளாப்பித் தட்டைப் போட்டா கரகரன்னு மெல்லும். திரையில பச்சை எழுத்து ஒவ்வொண்ணா வரும். வேற நிறமே கிடையாது. அறை விளக்கை அணைச்சா மூணு பேரு மூஞ்சியும் பச்சையா தெரியும்.

பிரிண்டர் ஒண்ணு கூடவே வந்திருந்துச்சு. அது அடிச்சா தெருக்கோடி வரைக்கும் கேக்கும். ஆனா அந்தக் காகிதம் இருக்கே, விடாம ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நீட்டமா வரும், அது தையல்காரிக்கு வரமா வாய்ச்சுது. அதுல அளவு வரைஞ்சு வெட்டினா கவுனுக்குக் கழுத்திலேருந்து கரை வரைக்கும் ஒட்டே இல்லாம வரும். டிப்போவோட பஸ் நேரமெல்லாம் ஒரு பக்கம் அச்சடிச்சிருக்கும், மறுபக்கம் ஊர்ப் பொம்பளைங்க மாரு, இடுப்பெல்லாம் வரைஞ்சிருக்கும்.

பெட்டிக்குள்ள மூலையில மட்டும் ஒரு சின்னப் பெட்டி. வெள்ளியாட்டம் தகரம், ஓரத்துல கோடு கோடா ஓட்டை, பின்பக்கம் காத்தாடி. அதுதான் சுவத்துலேருந்து கரண்டை வாங்கி உள்ள இருக்கிற எல்லாத்துக்கும் பங்கு போட்டுக் குடுக்கும். அது மேல மஞ்சள்ல ஒரு சீட்டு ஒட்டி, மின்னல் படம் போட்டிருந்துச்சு.

"இதுல என்ன எழுதியிருக்கு?" ன்னு கேட்டா தையல்காரி.

"உள்ள உன்னால சரி பண்ற மாதிரி எதுவும் இல்ல, திறக்காதேன்னு எழுதியிருக்கு."

"உங்களை நல்லாத் தெரிஞ்சவன் எழுதியிருக்கான்."

அந்த மனுஷன் அதைத் திறக்கவே இல்ல. எழுதி வச்சிருந்தா அவருக்கு அது சட்டம். புல்லுல நடக்காதேன்னு பலகை இருந்தா, புல்லே செத்து மண்ணாப் போனாலும் சுத்திக்கிட்டுத்தான் போவாரு. வரிசையில நிக்கவும்னு எழுதியிருந்தா ஆளே இல்லாத இடத்துல தனியா ஒரு வரிசையா நிப்பாரு. தையல்காரிக்கு எழுத்து சரியா வராது, அதனால அவளுக்கு அந்தத் தொல்லை இல்ல.

அந்தக் காத்தாடிதான் ஒரு சமயம் கரகரன்னு கத்த ஆரம்பிச்சுது. நாத்தனாருக்கு அந்த அறையில உக்காரவே முடியல. தையல்காரி கேட்டுட்டு, "எண்ணெய் காஞ்சிருக்கு. எந்த மெஷினா இருந்தாலும் எண்ணெய் கேக்கும்," னுட்டா. மனுஷன் யோசிச்சாரு. எண்ணெய் போடாதேன்னு எங்கயும் எழுதல. சரின்னாரு.

அன்னைக்கு மக தெருவுல விளையாடப் போயிருந்தா; மூடியைக் கழட்டிப் போட்டுட்டு மத்த மூணு பேரும் அந்தப் பெட்டியைச் சுத்திக்கிட்டாங்க. மனுஷன் தள்ளி நின்னு பதட்டப்பட்டாரு, அதுதான் அவரு பங்கு. நாத்தனார் கட்டில் ஓரத்துல உக்காந்து டார்ச் அடிச்சா. தையல்காரி எண்ணெய் டப்பாவோட நீட்ட மூக்கை காத்தாடிக் கம்பிக்குள்ள விட்டு, அந்தக் குமிழு மேல சொட்டா விட்டா. விட்டுட்டு நிமிரும்போது நாத்தனார் குனிய, ரெண்டு மண்டையும் மடார்னு இடிச்சுக்கிச்சு. டார்ச் ஒரு பக்கம் போச்சு. ரெண்டு பேரும் காதைப் பிடிச்சுக்கிட்டு தரையில உக்காந்து கண்ணுல தண்ணி வர சிரிச்சாங்க. மனுஷன், "பெட்டிக்கு ஒண்ணும் ஆகலியே?" ன்னாரு. அதுக்கு இன்னும் சிரிச்சாங்க, அவரும் சேந்துக்கிட்டாரு.

சுவிட்சைப் போட்டா, காத்தாடி சத்தமே இல்லாம ஓடுச்சு. அந்த வீட்ல மூணு பேரும் ஒண்ணாச் சிரிச்சது அதுதான் கடைசி.

மறுநா தலை துவட்டும்போதுதான் தையல்காரி பாத்தா, ஒரு காது மொட்டையா இருக்கு.

அது செவப்புக் கல் தோடு. பொறந்த வீட்ல போட்டதில்ல, புருஷன் வாங்கித் தந்ததுமில்ல. இவ கால் வலிக்க மிதிச்சுத் தைச்ச காசுல வாங்கினது. திருகாணியில மரை தேஞ்சு கழண்டு கழண்டு வரும், அதனால தண்டுல செவப்பு நூலைச் சுத்தி வச்சு முறுக்கிப் போட்டிருந்தா. நாத்தனாருக்கு அது மேல ஒரு கண்ணு. ஒளிச்சு மறைச்சு இல்ல, வாய் விட்டே சொல்லுவா: "அண்ணி, நீங்க செத்தா இந்தத் தோடு எனக்குத்தான்." "நான் உன்னைப் புதைச்சுட்டுத்தான் போவேன்," ம்பா இவ. அதெல்லாம் விளையாட்டு. ஆனா ஒரு பொருள் காணாமப் போச்சுன்னா விளையாட்டுப் பேச்செல்லாம் சாட்சியா வந்து நிக்கும்.

வீடு பூராத் தேடினா. கடைசியில நாத்தனார் கட்டிலை உதறினா, போர்வையிலேருந்து திருகாணி மட்டும் விழுந்துச்சு.

சாயங்காலம் அவ வேலை முடிஞ்சு வந்ததும் இவ வாசல்லயே கேட்டா. "என் தோடு எங்க?"

"காதுல பாருங்க அண்ணி."

"காதுல இருந்தா உன்னை ஏன் கேக்குறேன். திருகாணி உன் போர்வையில கெடக்கு. அது தனியா நடந்து வந்து படுத்துக்கிச்சா?"

நாத்தனார் முதல்ல சிரிச்சா, விளையாட்டுன்னு நெனச்சு. அண்ணி மூஞ்சியைப் பாத்ததும் சிரிப்பு நின்னுச்சு. "நான் எடுத்தேன்னு சொல்றீங்களா?"

"எடுத்தவ கேக்குற கேள்வி மாதிரியே இருக்கு."

அண்ணன் பக்கம் திரும்பினா அவ. "நீ சொல்லுண்ணே. நான் எடுத்திருப்பேனா?"

அந்த மனுஷன் பொண்டாட்டியைப் பாத்தாரு, தங்கச்சியைப் பாத்தாரு, சுவத்தைப் பாத்தாரு. சுவத்துல ஒண்ணும் எழுதியில்ல. வாயைத் திறக்கல.

அன்னைக்கே துணிமணியை எடுத்துக்கிட்டுப் போயிட்டா. கூட வேலை பாக்குறவ வீட்ல தங்கினா, அப்புறம் கல்யாணம் பண்ணிக்கிட்டா. கல்யாணத்துக்கு அண்ணன் போனாரு, அண்ணி போகல. மிச்சமிருந்த ஒத்தைத் தோட்டையும் தையல்காரி கழட்டி நூல் டப்பாவுல போட்டா. திருடினவ கொண்டுவந்து குடுக்குற வரைக்கும் காதுல தங்கம் ஏறாதுன்னு, பிளாஸ்டிக் தோடு போட்டுக்கிட்டா. அவ பிடிவாதம் அப்படி.

கட்டில் போனதும் அந்த இடம் வெறிச்சுன்னு இருந்துச்சு. அதைப் பாக்க முடியாமயோ என்னமோ, மனுஷன் ஒரு நாள் கம்ப்யூட்டரைத் தூக்கி அந்த மூலைக்கு மாத்தினாரு. தூக்கும்போது உள்ள கிணிங்னு ஒரு சத்தம்.

"ஏதோ திருகு கழண்டு ஆடுது," ன்னாரு. மூடியைத் திறந்து தேடினாரு. பச்சைப் பலகையில இல்ல, அடியில இல்ல. காதை வச்சுக் கேட்டுட்டு, "வெள்ளிப் பெட்டிக்குள்ளதான் ஆடுது," ன்னாரு.

"அப்ப அதைத் திறங்க."

"திறக்காதேன்னு எழுதியிருக்கே."

மூடியைப் போட்டாரு, சுவிட்சைத் தட்டினாரு. டப்புன்னு வெடிச்சு, கருகின வாடை வந்துச்சு. அவ்வளவுதான். அதுக்கப்புறம் அந்தப் பெட்டி பச்சை எழுத்தே காட்டல. ரெண்டு கடையில கேட்டாரு, இந்தக் காலத்துல இதுக்கெல்லாம் உதிரி கெடைக்காதுன்னுட்டாங்க. ஆனாலும் லீவு நாளானா மூடியைக் கழட்டி அந்தச் சில்லுங்களை ஒவ்வொண்ணா அழுத்துறதை மட்டும் விடல. டிக்கு டிக்குன்னு. செத்ததுக்கு ஞாபகம் இருந்து என்ன ஆகப்போகுதுன்னு தையல்காரி கேட்டா. அது என் வேலை, நான் செய்யறேன்னாரு. கடைசியா ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாடிகூட ஒரு தடவை அழுத்திட்டுத்தான் போனாரு.

மக சொன்ன அந்தப் பழைய பெட்டிக்காரரு மறுநாளே வந்துட்டாரு. நல்ல வாட்டசாட்டமான ஆளு, ஆனா உறையைக் கழட்டும்போது கை பச்சைப் பிள்ளைக்குச் சட்டை கழட்டுற மாதிரி இருந்துச்சு. மூடியை இழுத்து, டார்ச் அடிச்சு உள்ள மூலை மூலையாப் பாத்தாரு.

"என்ன தம்பி, செத்த பாம்பா?"

"அம்மா, தூசியே இல்ல. யாரு இப்படிப் பாத்துக்கிட்டது?"

"ஒரு மனுஷன் இருந்தாரு," ன்னா தையல்காரி. அவளும் எட்டிப் பாத்தா. அந்த மரவட்டை வரிசை அப்படியே இருந்துச்சு. ஒவ்வொரு முதுகும் விரல் பட்டுப் பட்டுப் பளபளன்னு இருந்துச்சு. திரும்பி நின்னு, "வேகமா எடுத்துட்டுப் போங்க. எனக்கு மெஷின் போடணும்," னா.

பெட்டிக்காரரு தூக்கினாரு. கிணிங்.

"உள்ள ஏதோ ஆடுது."

"திருகுன்னு சொன்னாரு. அந்த வெள்ளிப் பெட்டிக்குள்ள. திறக்காதேன்னு எழுதியிருக்குன்னு விட்டுட்டாரு."

"அது சுவிட்சை அணைச்ச உடனே திறக்கிறவங்களுக்கு எழுதினது. உள்ள கரண்டு கொஞ்ச நேரம் தங்கும், அடிக்கும். இது வருஷக்கணக்கா சும்மா கெடக்குது, ஒண்ணும் பண்ணாது." சொல்லிக்கிட்டே அவரு வெள்ளிப் பெட்டியைத் தனியாக் கழட்டி மேசை மேல வச்சாரு. மஞ்சள் சீட்டைக் கத்தியால கீறி, திருகை எடுத்து, தகர மூடியைத் தூக்கினாரு. டார்ச் அடிச்சாரு. "அட. திருகு இல்லம்மா. என்னமோ நகை மாதிரி இருக்கு."

தையல்காரி கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சா. ரெண்டு செம்புச் சுருளுக்கு நடுவுல, ஒரு பக்கம் கறுத்துப்போய், செவப்புக் கல்லு மேல பாக்க, தோடு கெடந்துச்சு. தண்டுல அவ சுத்தின செவப்பு நூலு கருகி ஒட்டிக்கிட்டு இருந்துச்சு. அந்த முடிச்சு அவ முடிச்சு. உலகத்துல வேற யாரும் அப்படி முடிச்சுப் போட மாட்டாங்க.

"இந்த ஓட்டை வழியா விழுந்திருக்கும். முதல்ல சும்மா ஒரு ஓரத்துல கெடந்திருக்கும். எப்பவோ தூக்கி அசைச்சப்ப கரண்டு ஓடுற ரெண்டு கம்பிக் காலுக்கு நடுவுல போய் உக்காந்து, அதுதான் வெடிச்சிருக்கு," ன்னாரு பெட்டிக்காரரு. "வேற ஒண்ணு போட்டா பெட்டி ஓடினாலும் ஓடும். இருங்க, இடுக்கியால எடுத்துத் தரேன்."

தையல்காரி அவரு கையைப் பிடிச்சா. "தொடாதீங்க."

"பாத்து எடுக்கிறேம்மா, கல்லு உடையாது."

"தொடாதீங்கன்னு சொல்றேன் இல்ல. மூடியை அப்படியே வைங்க. நாலு திருகையும் கையால லேசா மாட்டுங்க."

தையல்காரி முன்னாடி கட்டில் இருந்த அந்த மூலையிலயே தரையில உக்காந்துட்டா. மக தண்ணி கொண்டுவந்தா. குடிக்கல. மண்டை இடிச்சதும், காதைப் பிடிச்சுக்கிட்டு ரெண்டு பேரும் சிரிச்சதும், அந்த மனுஷன் பெட்டிக்கு ஒண்ணும் ஆகலியேன்னு கேட்டதும் ஒண்ணு பின்னால ஒண்ணா வந்து நின்னுச்சு. ஒருத்தியைத் திருடின்னு சொல்லி அனுப்பியாச்சு. அவ அண்ணன் செத்ததுக்குக்கூட வாசல் தாண்டாம நின்னுட்டுப் போயிட்டா. இப்ப கடல் தாண்டிப் போகப்போறா, திருடிங்கிற பேரையும் எடுத்துக்கிட்டு.

"போன் போட்டுத் தரட்டுமாம்மா?" ன்னு கேட்டா மக.

"போன்ல என்னத்தைச் சொல்ல. கிடைச்சிருச்சுன்னு சொன்னா எங்கேருந்தோ எடுத்துட்டுச் சொல்றேன்னு நெனப்பா. நானா இருந்தா அப்படித்தான் நெனப்பேன். அவ கண்ணால பாக்கட்டும். அவளே எடுக்கட்டும்."

கம்ப்யூட்டர் உறையை எடுத்தா. அந்த வெள்ளிப் பெட்டியை அதுல சுத்தி முடிச்சுப் போட்டா. நூல் டப்பாவிலேருந்து ஒத்தைத் தோட்டை எடுத்துச் சுருக்குப் பையில போட்டா. முழங்கால் வீக்கத்தோட, துணைக்கு வர்றேன்ன மகளையும் தள்ளிட்டு, பஸ் ஏறினா. ஜன்னலோரம் உக்காந்து மூட்டையை மடியில வச்சு, குலுங்காம ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிச்சுக்கிட்டா. அந்த மனுஷன் அன்னைக்குப் பிடிச்சுக்கிட்டு வந்த மாதிரியே.

நாத்தனார் வீட்ல கதவு திறந்தே கெடந்துச்சு. உள்ள பூரா அட்டைப்பெட்டி. நடுவுல அவ நின்னுக்கிட்டு டேப் ஒட்டிக்கிட்டு இருந்தா. முடியெல்லாம் நரைச்சிருந்துச்சு, நிக்கிற தோரணை மட்டும் அப்படியே. நிமிர்ந்து பாத்தா.

"என்ன அண்ணி, போறதுக்குள்ள பெட்டியைச் சோதனை போட வந்தீங்களா? எல்லாம் கட்டியாச்சே."

அடி சரியான இடத்துல விழுந்துச்சு. தையல்காரி பதில் பேசல. அவளுக்கு அப்படி ஒரு பழக்கமே கிடையாது, அன்னைக்குத்தான் முதல் தடவை. உள்ள வந்து ஒரு அட்டைப்பெட்டி மேல மூட்டையை வச்சு அவுத்தா.

"இது என்ன?"

"திருகைக் கழட்டிட்டு மூடியைத் தூக்கு. உள்ள பாரு."

நாத்தனார் தூக்கினா. தெரியல. ஜன்னல் பக்கம் எடுத்துட்டுப் போய், மூக்குக் கண்ணாடியை ஏத்திவிட்டுக் குனிஞ்சா. அப்படியே நின்னா. முதுகு மட்டும் ஒரு தடவை ஏறி இறங்குச்சு.

"எண்ணெய் போட்டோமே அன்னைக்கு," ன்னா தையல்காரி. "மண்டை இடிச்சுக்கிச்சு."

"நான்தான் டார்ச் அடிச்சேன்."

"ஆமா. நீதான் அடிச்ச." தையல்காரி ஒரு அடி கிட்ட போனா. "நான் சொன்னது தப்பு. அன்னைக்கு நான் உன்னைச் சொன்னது எல்லாமே தப்பு."

நாத்தனார் திரும்பல. "எங்கண்ணன் இங்க வரும்போதெல்லாம் கேட்டேன் அண்ணி. நீயாவது நம்புறியான்னு. ஒரு தடவையாவது வாயைத் திறந்து நம்புறேன்னு சொல்லியிருக்கலாம். டீயைக் குடிச்சுட்டு எழுந்து போயிடுவான்."

"என்கிட்டயும் சொல்லல. நீ திருடலன்னும் சொல்லல, திருடினன்னும் சொல்லல. ஆனா வாராவாரம் உன்னைப் பாக்க வந்தாரு இல்ல. நான் போகாதீங்கன்னு சொல்லிச் சொல்லி, அதை மட்டும் அந்த மனுஷன் கேக்கவே இல்ல."

அண்ணன் அப்படிப் பேச்சை மீறித்தான் வந்தாருன்னு நாத்தனாருக்கு அதுவரைக்கும் தெரியாது போல. மெதுவாத் திரும்பினா. கண்ணு செவந்திருந்துச்சு, வாய் மட்டும் சும்மா இல்ல.

"போயிட்ட இத்தனை வருஷத்தையும் எந்தத் துணியில ஒட்டுப் போடுவீங்க?"

"எந்தத் துணியிலயும் முடியாது."

"தெரிஞ்சா சரி." அவ பார்வை உறை மேல போச்சு. பூவெல்லாம் வெளுத்துப்போன அந்தத் துணியை விரலால தேச்சா. "இதுல எனக்கு ஒரு தலையணை உறை தைச்சீங்க."

"தூக்கிப் போட்டிருப்பே."

"ஏன் போடணும். நல்ல துணி. அடுப்புத் துடைக்க வச்சிருந்தேன், நேத்து வரைக்கும். உங்க மேல கோவம் வர்றப்பெல்லாம் அழுத்தித் துடைப்பேன். அடுப்பு கண்ணாடி மாதிரி இருக்கும்."

தையல்காரி சிரிச்சுட்டா. சிரிச்சதும் அழுகையும் வந்துச்சு, அதை மூக்கைச் சிந்தறதுல மறைச்சா. நாத்தனார் கொண்டையிலேருந்து ஒரு ஊசியை உருவி, செம்புச் சுருளுக்கு நடுவுல விட்டு, தோட்டை மெதுவா நெம்பி எடுத்தா. உள்ளங்கையில வச்சு ஊதினா. கரி பறந்துச்சு. கல்லு ஒண்ணும் ஆகல.

"இந்தாங்க."

தையல்காரி வாங்கல. பையிலேருந்து ஒத்தையை எடுத்து அது பக்கத்துலயே வச்சா. "நான் செத்தா உனக்குன்னு சொன்னே இல்ல. சாகுறதுக்கு இன்னும் நாளிருக்கு, நீ அதுக்குள்ள போற. எடுத்துக்கோ."

நாத்தனார் ரெண்டையும் பாத்தா. ஒண்ணு பளிச்சுன்னு, ஒண்ணு கறுத்து. "நல்லா இருக்கு அண்ணி. திருடின்னு பேரு அப்பவே குடுத்துட்டீங்க. பொருளு இப்பத்தான் கைக்கு வருது."

சொல்லிட்டு, ஒட்டி முடிச்ச ஒரு அட்டைப்பெட்டியோட டேப்பை சர்ருன்னு கிழிச்சா. உள்ளேருந்து ரெண்டு கப்பை எடுத்தா. "உக்காருங்க. கால் வீங்கியிருக்கு பாருங்க. யாரு உங்களை இப்படி அலைஞ்சு வரச் சொன்னது."

டீ குடிச்சாங்க. அந்தக் காலத்துப் பச்சை வெளிச்சத்தைப் பேசினாங்க, தெருவுக்குள்ள வந்த பஸ்ஸைப் பேசினாங்க, பெட்டிக்காரரு சொன்னதைப் பேசினாங்க. கறுத்த தோட்டை இடது காதுல போட்டுக்கிட்டா நாத்தனார். கண்ணாடி பாத்துட்டு, தேய்க்க வேண்டாம், இப்படியே இருக்கட்டும்னா. கிளம்பும்போது அண்ணியைக் கட்டிப் பிடிக்கல, அவங்க ரெண்டு பேருக்கும் அதெல்லாம் வராது. "பெட்டி ஓடினா போன்ல சொல்லுங்க," ன்னா. "அந்த ஆளு வேற ஒண்ணு போட்டா ஓடும்னாரு இல்ல."

"ஓடினா என்ன. அதை யாருக்கும் குடுக்கப்போறதில்ல. என் தையல் மெஷின் பக்கத்துலயே கெடக்கட்டும். யாராவது அந்தச் சில்லுங்களை அழுத்தணுமே."

பஸ்ஸுல திரும்பும்போது காலி வெள்ளிப் பெட்டி மடியில இருந்துச்சு. பக்கத்து சீட்டுக்காரி என்னமோன்னு பாக்க, தையல்காரி அதைக் காது பக்கம் தூக்கி ஒரு ஆட்டு ஆட்டினா. சத்தமே வரல. உறையைப் போத்தி, முடிச்சுப் போட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா.